பூஜை போட்ட புது காடியில் தண்ணிக் கறையா? பயப்படாதீங்க, கழுவுங்க

முருகன் துணை.

நவராத்திரி நெருங்கிடுச்சு. ஆயுத பூஜை அன்னைக்கு நம்ம கோயில் வாசல்ல காடிங்க எப்படி வரிசை கட்டி நிற்கும்னு உங்களுக்கே தெரியும். தீபாவளிக்கு முன்னால புது காடி எடுக்கிறவங்களும் அதே நேரத்துலதான் வருவாங்க. எலுமிச்சம்பழம், தேங்காய், மாலை, சூடம் எல்லாம் ஒண்ணு விடாம கொண்டு வந்துடுறீங்க. சந்தோஷம். ஆனா பூஜை முடிஞ்சு ரெண்டு மூணு நாள்ல எங்க தொண்டர்கள் போனுக்கு வர்ற படங்க வேற மாதிரி இருக்கு. சக்கரத்தைச் சுத்தி, கதவுக்கு அடியில, பம்பருக்குக் கீழ, கறுப்பு பிளாஸ்டிக் பூரா வெள்ளை வெள்ளையா வட்டம். சில இடத்துல மஞ்சள். "அங்கிள், இது போகுமா?" "ஐயா, கோயில் தண்ணியில என்ன கலந்தீங்க?" "அண்ணே, இது ஏதாச்சும் சகுனமா?"

ஒவ்வொருத்தருக்கா பதில் போட்டு முடியல. அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடுறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிச்சு, காடி வச்சிருக்கிற உங்க வீட்டு ஆளுங்களுக்கும் அனுப்பி விடுங்க.

முதல்ல கறை எப்படி வருதுன்னு பார்ப்போம்.

எங்க தொண்டர்கள்ல பாதிப் பேரு பாயான் லெப்பாஸ் பேக்டரிங்கள்ல வேலை செய்யிறவங்க. 1972ல அங்க சுதந்திர வர்த்தக மண்டலம் திறந்ததுல இருந்து நம்ம ஆளுங்க எத்தனை குடும்பம் அதை நம்பி வாழ்ந்திருக்கு! எலக்ட்ரானிக் பேக்டரியில சாமான் கழுவுறதைப் பார்த்தவங்களுக்கு ஒண்ணு தெரியும். கடைசி அலசலுக்கு குழாய் தண்ணிய விட மாட்டாங்க. உப்பு எல்லாத்தையும் எடுத்துட்ட தண்ணி, நாங்க டிஐ வாட்டர்னு சொல்லுவோம், அதுலதான் அலசுவாங்க. அலசின கையோட காத்தடிச்சு துளியைத் தள்ளிடுவாங்க. துளி அதுவா காயட்டும்னு விடவே மாட்டாங்க. ஏன்னா காயும்போது தண்ணி மட்டும்தான் ஆவியாப் போகும். அதுல கரைஞ்சிருக்கிற கால்சியம், மெக்னீசியம் எல்லாம் அங்கேயே உட்கார்ந்துடும். அதுலயும் துளியோட ஓரத்துலதான் அதிகமா படியும். அதனாலதான் கறை வட்டமா தெரியுது.

பினாங்கு குழாய் தண்ணி அவ்வளவு மோசம் கிடையாது. பெரும்பகுதி மூடா ஆத்துத் தண்ணி. அதோட 1962ல கட்டின ஆயர் ஈத்தாம் அணை, 1999ல வந்த தெலுக் பகாங் அணைத் தண்ணியும் சேருது. தமிழ்நாட்டுல போர் தண்ணி பிடிக்கிற வாளியில வெள்ளையா பொருக்கு கட்டுமே, அந்த அளவுக்கு நம்ம தண்ணியில உப்பு இல்ல. தண்ணீர்மலையான் இருக்கிற ஊர்ல தண்ணியைக் குத்தம் சொல்ல வேண்டாம்.

பூஜையில நடக்கிறது வேற. காடி மேல தெளிக்கிற தீர்த்தத்துல மஞ்சள் இருக்கு, சந்தனம் இருக்கு. பொட்டு வைக்கும்போது விபூதி கொட்டும். சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் நசுங்கி சாறு தெறிக்கும். தேங்காய்த் தண்ணி வேற. இதெல்லாம் சேர்ந்து ஒழுகி எங்க வந்து நிற்கும்? கீழ இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக்லதான்.

அந்த பிளாஸ்டிக்குக்கு பெயிண்டும் கிடையாது, மேல பளபளன்னு அடிக்கிற கிளியர் கோட்டும் கிடையாது. பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். கையால தடவிப் பாருங்க, சொரசொரன்னு தோல் மாதிரி இருக்கும். அந்தக் குழிக்குள்ள தண்ணி நின்னு காஞ்சா, விபூதியும் சந்தனமும் உள்ளேயே தங்கிடும். கதவுல இருந்து சும்மா துடைச்சா வர்றது இங்க வராது. கறுப்பு நிறம் வெயிலை இழுக்கும், சீக்கிரம் சூடாகும், துளி நிமிஷத்துல காஞ்சிடும். கறுப்பு மேல வெள்ளை வேற எடுப்பா தெரியும். இப்ப வர்ற பெரோடுவா அத்திவா, புரோட்டோன் எக்ஸ்50 மாதிரி கொஞ்சம் உசரமான காடிங்கள்ல சக்கரத்தைச் சுத்தி இந்தக் கறுப்பு அதிகம். அதனால கேள்வியும் அதிகமா வருது. எந்தக் கம்பெனி காடியா இருந்தாலும் இதே கதைதான். காடியில குறை எதுவும் இல்ல.

இப்ப ஒரு வீட்டுல நடந்ததைச் சொல்றோம். இந்தப் பதிவை எழுதவே அதுதான் காரணம். யாருன்னு சொல்ல மாட்டோம். அவங்க சம்மதத்தோடதான் எழுதுறோம்.

அப்பா லாரி ஓட்டி ரிட்டயர் ஆனவர். மக தாதி வேலை. அந்தக் குடும்பத்துல இதுவரைக்கும் மோட்டார் சைக்கிள்தான், இதுதான் முதல் காடி. 9 வருஷக் கடன். வெள்ளை நிறக் காடி, கீழ சுத்திலும் கறுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை காலையில கோயில்ல பூஜை போட்டாங்க. பாட்டி, "மூணு நாளைக்கு சாமி பொட்டைக் கழுவக் கூடாது"ன்னு சொல்லிட்டாங்க. அந்தப் பிள்ளையும் மறுக்கல. ஷிப்டுக்குப் போயி, மூணு நாளும் வெட்டவெளி பார்க்கிங்ல காடி காஞ்சது.

நாலாம் நாள் கழுவ எடுத்தா கறை போகல. சரி, கொஞ்சம் கனமாப் போடுவோம்னு துணி துவைக்கிற சவுக்காரத் தூளைக் கரைச்சு ஊத்தித் தேய்ச்சிருக்கு. மஞ்சளா இருந்தது அப்படியே சிவப்பா மாறிடுச்சு. வெள்ளைக் கதவு ஓரமா சிவப்புத் தண்ணி ஒழுகுது. அதைப் பார்த்த பாட்டி அங்கேயே உட்கார்ந்துட்டாங்க.

அப்புறம் என்ன, அக்கம் பக்கம் ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. காடி ரத்தம் கேக்குதுன்னு ஒருத்தர். பூஜையில ஏதோ குறைன்னு இன்னொருத்தர். எங்கேயோ இருந்து ஒருத்தர் வந்து பரிகாரம் பண்ணணும்னு 600 வெள்ளி கேட்டிருக்கார். அந்தப் பிள்ளை காடியை எடுக்கவே பயந்துக்கிட்டு, ராத்திரி ஷிப்டுக்கு கிராப் பிடிச்சுப் போயி வந்துக்கிட்டு இருந்திருக்கு. மாசக் கட்டணமும் கட்டணும், கிராப் காசும் கொடுக்கணும். கடைசியில எங்களுக்குப் போன் பண்ணி, "அங்கிள், இந்தக் காடியை வித்துடவா?"ன்னு அழுதுச்சு.

ஒரு சனிக்கிழமை காலையில நாங்க மூணு பேரு அவங்க பிளாட்டுக்குப் போனோம். காடியைத் தொடுறதுக்கு முன்னாடி பாட்டிகிட்ட உட்கார்ந்தோம். ஒரு கண்ணாடி கிளாஸ்ல தண்ணி வாங்கி மஞ்சள் தூள் கலந்தோம். "பாட்டி, உங்க வெத்தலைப் பெட்டியில இருந்து துளி சுண்ணாம்பு கொடுங்க"ன்னு கேட்டோம். அவங்களே விரல்ல எடுத்துப் போட்டு கலக்கினாங்க. தண்ணி சிவப்பாச்சு. பாட்டி ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "அட, இது ஆலம்டா தம்பி!"ன்னாங்க.

ஆமாம், ஆலம்தான். கல்யாண வீட்டுல, பிள்ளை பிறந்த வீட்டுல, புதுசா வீட்டுக்கு வர்றவங்களுக்கு எடுக்கிற ஆரத்தித் தண்ணிதான். மஞ்சள்ல இருக்கிற குர்குமின்ங்கிற சாயம், காரம் பட்டா சிவப்பாகும். சுண்ணாம்பு காரம். துணி துவைக்கிற சவுக்காரத் தூளும் காரம். அந்தக் காடியில நடந்தது அவ்வளவுதான். அதே கிளாஸ்ல கொஞ்சம் வினிகர் விட்டோம். சிவப்பு போயி திரும்ப மஞ்சளாச்சு. பாட்டி இன்னொரு தடவை பண்ணச் சொல்லி, அடுத்த வீட்டுக்காரம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினாங்க. 600 வெள்ளிப் பேச்சு அதோட முடிஞ்சுது.

அப்புறம்தான் காடிக்குப் போனோம். நிழல்ல நிறுத்தி, அப்பாவும் மகளும் கூட நின்னு, நாலு பக்கமும் முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆச்சு. முன்சக்கரத்துக்கு மேல ஒரு இடத்துல மட்டும் கறை விடல. அடுத்த வாரம் அந்தப் பிள்ளையே இன்னொரு தடவை செஞ்சு எடுத்துடுச்சு. அன்னைக்கு ராத்திரி ஷிப்டுக்கு அது தன் காடியிலதான் போச்சு.

எப்படிச் செஞ்சோம்னு வரிசையா சொல்றோம். விலை கூடின சாமான் எதுவும் தேவையில்ல.

1. காடி நிழல்ல நிற்கணும். பிளாஸ்டிக்கைத் தொட்டா குளிர்ச்சியா இருக்கணும். சூடா இருக்கும்போது ஆரம்பிச்சா நீங்க கழுவுற தண்ணியே புதுக் கறையாயிடும். காலை நேரம், இல்லன்னா சாயங்காலம் நல்லது.

2. முதல்ல நிறைய தண்ணி விட்டு அலசுங்க. காஞ்ச துணியால தேய்க்காதீங்க. விபூதி சாணச் சாம்பல். அதுல மணல்ல இருக்கிற அதே சிலிக்கா இருக்கு. காஞ்சபடி தேய்ச்சா பிளாஸ்டிக்லயும் கீறல் விழும், பக்கத்துல பெயிண்ட்லயும் விழும்.

3. காடி கழுவுற ஷாம்பூவைக் கரைச்சு, மெல்லிய பிரஷால வட்டமா தேய்ங்க. பழைய மிருதுவான பல் பிரஷ் போதும். குழிக்குள்ள இருக்கிறது பிரஷுக்குத்தான் வரும், துணிக்கு வராது. திரும்ப அலசி, துடைச்சு, காயவிட்டுப் பாருங்க. ஈரத்துல கறை மறைஞ்சு இருக்கும், காஞ்ச பிறகுதான் மிச்சம் தெரியும். புதுக் கறையா இருந்தா பெரும்பாலும் இதோட போயிடும்.

4. அதுக்கு மேலயும் வெள்ளை வட்டம் இருந்தா வினிகர். மலாய்க்காரர் கடையில சுக்கான்னு கேட்டா கொடுப்பாங்க. வெள்ளை நிறமா இருக்கிறதை வாங்குங்க. ஒரு கப் வினிகருக்கு ஒரு கப் தண்ணி. துணியை அதுல நனைச்சு கறை மேல ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் ஒத்தி வச்சு, பிரஷால மெல்லத் தேய்ச்சு, உடனே நல்லா அலசிடுங்க. பிளாஸ்டிக் மேலேயே காய விடாதீங்க. பெயிண்ட், குரோம், அலுமினியம் பக்கம் வழிஞ்சா உடனே தண்ணி விடுங்க. போகலன்னா இன்னொரு தடவை செய்யுங்க. வினிகரைக் கனமாக்க வேண்டாம்.

இது நமக்குப் புதுசு கிடையாது. கோயில் குத்துவிளக்கைப் புளி போட்டுத்தானே விளக்குறோம்? புளியில இருக்கிற புளிப்பு பித்தளையில பிடிச்ச கறையைக் கரைக்கிற மாதிரி, வினிகர் புளிப்பு சுண்ணாம்புக் கறையைக் கரைக்குது. அதுக்காகப் புளியை காடியில தேய்க்காதீங்க. சக்கை குழியில மாட்டிக்கும்.

5. கடைசி அலசலுக்கு முடிஞ்சா காய்ச்சி வடிச்ச தண்ணி. மெக்கானிக் கடையில பேட்டரித் தண்ணின்னு விப்பாங்க. ஆசிட் இல்லாத வெறும் தண்ணின்னு கேட்டு உறுதி பண்ணி வாங்குங்க. வாங்க முடியலன்னா பரவாயில்ல, குழாய் தண்ணியில அலசி துளி இல்லாம துடைச்சா போதும். மைக்ரோபைபர் துணி ரெண்டு வச்சுக்குங்க. ஒண்ணு கழுவ, இன்னொண்ணு துடைக்க.

6. நல்லா காஞ்ச பிறகு, வெளிப்புற பிளாஸ்டிக்குக்குன்னு விக்கிற பூச்சைத் துணியில கொஞ்சமா எடுத்துத் தடவுங்க. வெயில்ல வெளுக்கிறதையும் கொஞ்சம் தடுக்கும், அடுத்த தடவை தண்ணியும் நிற்காம ஓடும். டயர் தரையில படுற பக்கத்துலயும், காலால மிதிக்கிற பெடல்லயும் அது படவே கூடாது. வழுக்கும்.

சிலருக்கு இதெல்லாம் செஞ்சும் போகல. அவங்க அனுப்பின படத்தைப் பார்த்தா கறை வட்டமா இல்ல, பெயிண்டும் பிளாஸ்டிக்கும் சேருற ஓரத்துல கோடு மாதிரி இருக்கு. அது தண்ணிக் கறை கிடையாது, வாக்ஸ். பாலிஷ் போட்டவங்க கை தவறி பிளாஸ்டிக் மேல பட்டு காஞ்சிருக்கும். வினிகருக்கு வாக்ஸ் அசையாது. வெதுவெதுப்பான சவுக்காரத் தண்ணியும் பிரஷும் வச்சு மெல்ல எடுக்கணும். பழைய காடியில பிளாஸ்டிக் பூரா சாம்பல் நிறமா வெளுத்திருந்தா அது பல வருஷ வெயில். அதையும் கழுவி எடுக்க முடியாது, பூச்சுதான் போடணும்.

செய்யக் கூடாததையும் சொல்லிடுறோம். வினிகரோட குளோராக்ஸைச் சேர்க்கவே சேர்க்காதீங்க. விஷ வாயு வரும், மூச்சு அடைச்சிடும். கக்கூஸ் கழுவுற ஆசிட், தின்னர், பெட்ரோல் எதுவும் வேண்டாம். பாத்திரம் தேய்க்கிற இரும்பு நார் பட்டா அந்தச் சொரசொரப்பே போயி வழவழன்னு தழும்பு நிற்கும். அதை யாராலயும் திருப்பிக் கொண்டு வர முடியாது. விளக்குக்கு ஊத்தின மிச்ச எண்ணெயைத் தடவுறவங்களும் இருக்காங்க. ஒரு நாள் பளபளன்னு இருக்கும், மறுநாள் ரோட்டுத் தூசி பூரா அதுல ஒட்டிக்கும்.

இனி மனசுல இருக்கிற கேள்விக்கு வருவோம். சாமி பொட்டைக் கழுவலாமா?

கோயில்ல விடியக்காலையில நடை திறந்ததும் என்ன நடக்குதுன்னு நீங்க பார்த்திருக்கீங்க. முதல் நாள் சாத்தின மாலையையும் சந்தனத்தையும் எடுத்துட்டுத்தான் அபிஷேகம். நிர்மால்யம்னு அதை மரியாதையா எடுக்கிறோம். சந்தனக் காப்பு எவ்வளவு அழகா இருந்தாலும் கலைச்சு பக்தர்களுக்குப் பிரசாதமாக் கொடுக்கிறோம். முருகன் மேல சாத்தினதையே நேரம் வந்ததும் எடுக்கிறோம், காடி மேல வச்சதை எடுத்தா தோஷமா? எங்க குருக்களையும் கேட்டோம். பூஜை செஞ்ச பலன் பூஜை செஞ்சதுலயே வந்துடுச்சு, சாயங்காலம் தாராளமா கழுவலாம்னு சொன்னார். மனசு கேக்கலன்னா, முன்னாடி கண்ணாடிக்கு மேல ஒரு சின்ன குங்குமப் பொட்டை மட்டும் விட்டுட்டு மத்ததைக் கழுவுங்க. பொட்டையும் பூவையும் ஈரத்துணியில ஒத்தி எடுத்து, காலடி படாத செடி மூட்டுல போட்டுடுங்க. வீட்டுப் பெரியவங்க தடுத்தா சண்டை போடாதீங்க. உட்கார வச்சு அந்த மஞ்சள் தண்ணி வேடிக்கையைக் காட்டுங்க.

கறையைப் பார்த்து யாராவது சகுனம், பரிகாரம்னு காசு கேட்டா, கொடுக்கிறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. 9 வருஷம் கடன் கட்டப் போற பிள்ளைங்க நிம்மதியா ஓட்டட்டும்.

இந்த ஆயுத பூஜைக்கு நாங்க ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கோம். வாகன பூஜை நடக்கிற இடத்துல கூடாரம் போட்டு நிழல் இருக்கும். வெளியே போற வழியில ரெண்டு வாளி சுத்தமான தண்ணியோட இளைஞர் அணிப் பிள்ளைங்க நிற்பாங்க. சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் மேல காடி ஏறி இறங்கினதும், அங்க ஒரு நிமிஷம் நிறுத்துங்க. கறுப்பு பிளாஸ்டிக்ல பட்டதை மட்டும் அலசித் துடைச்சு விடுவாங்க. பொட்டைத் தொட மாட்டாங்க. இதுக்குக் காசு கிடையாது. உங்க வீட்டுல இருந்து ரெண்டு பழைய பருத்தித் துணி கொண்டு வந்தா உதவியா இருக்கும். தொண்டு செய்ய விருப்பம் இருக்கிற பிள்ளைங்க காலை 7 மணிக்கு வந்துடுங்க, பசியாறல் கோயில்ல இருக்கு.

புது காடி எடுக்கிற எல்லாரும் நிதானமா ஓட்டுங்க. பெல்ட் போடுங்க. பாலத்துல வேகம் வேண்டாம். போற இடமெல்லாம் நல்லபடியா போயி வீடு வந்து சேர தண்ணீர்மலையான் கூட வருவான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.

இப்படிக்கு,
கோயில் தொண்டர்கள்